எடுத்து வைத்தது எழுந்து நிற்குமா?

2023 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் நின்றன. மொத்தம் 28 அசெம்பிளி லைன்கள். சைபர் தாக்குதலாக இருக்கும் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி, உதிரிபாகம் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கணினிகளைத் தாக்கியதால் இதே 14 ஆலைகளும் ஒரு நாள் முடங்கியிருந்தன. இந்த முறை தாக்குதல் எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து நிறுவனமே காரணத்தைச் சொன்னது. ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை, உதிரிபாக ஆர்டர்களைக் கவனிக்கும் சர்வர்களில் வழக்கமான பராமரிப்பு நடந்திருக்கிறது. டேட்டாபேஸில் சேர்ந்துபோன தரவை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. சிஸ்டம் படுத்துவிட்டது. மாற்றாக வைத்திருந்ததும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதிலும் அதே கோளாறு. அதற்கு மாறவும் வழியில்லை. இடம் அதிகமுள்ள வேறு சர்வருக்குத் தரவைக் கொண்டுபோன பிறகுதான் மறுநாள் கார்கள் நகர்ந்தன.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு லைன் நிற்பது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்த நாள் முதல் நம் ஊர்களில் ஓடுவது ஷிப்ட் கடிகாரம்தான். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இராமானுசர் பிறந்த ஊரில் இப்போது கோயில் மணிக்கு முன்பே கம்பெனி பஸ் ஹாரன் கேட்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த பஸ்ஸில் போய்த்தான் நானும் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ஆனால் பஸ்ஸில் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பெயின்ட் ஷாப்பை விட்டு ஒரு பாடி வெளியே வரும்போது ஸ்கேன் ஆகிறது. எந்த மாடல், எந்த நிறம் என்ற செய்தி சீட் செய்கிற சப்ளையருக்குப் போகிறது. அவர் அதே வரிசையில் சீட்டுகளை அடுக்கி லாரி ஏற்றுகிறார். வரிசை ஒன்று பிசகினால் வெள்ளை வண்டிக்கு வேறு வண்டியின் சீட் வந்து நிற்கும். முக்கியமான போல்ட்டுகளை எவ்வளவு முறுக்கினார்கள் என்பதுகூட வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணோடு சேர்ந்து பதிவாகிறது. பிறகொரு நாள் ஏர்பேக் பழுது என்று வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தால், எந்தெந்த வண்டி என்று சொல்லப்போவது அந்தப் பதிவுதான். பதிவு போனால் எல்லா வண்டியையும் அழைக்க வேண்டும்.

இந்தப் பதிவுகளைக் காத்து நிற்பவர் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமாக டி.பி.ஏ. ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெல்டிங் ரோபோவைக் காட்டுகிறோம். சர்வர் ரூமை யாரும் காட்டுவதில்லை. குளிர்ந்த அறையில் விளக்குகள் மினுக்குவதைத் தவிர அங்கே பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை.

தொழிற்சாலையின் சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்டிலேயே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒரே கேள்வி தேடி வருகிறது. எங்கள் தெருவில் கம்பெனி பஸ் ஓட்டுகிற ஒருவர் கேட்டார்: “சார், பையன் ஆரக்கிள் கோர்ஸ் சேரணும்ங்கறான். ஐம்பதாயிரம் கேக்கறாங்க. சர்டிபிகேட் வந்தா வேலை கேரன்டினு சொல்றாங்க. கட்டட்டுமா?”

கட்டாதீர்கள் என்று சட்டென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பையனின் ஆசை அது. கட்டுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. “முதல்ல அவன் வீட்ல ஒரு டேட்டாபேஸை உண்டாக்கட்டும். அதை அவனே அழிக்கட்டும். அழிச்சதை அப்படியே திரும்பக் கொண்டுவந்து உங்ககிட்ட காட்டட்டும். அப்புறம் பணம் கட்டலாம்” என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் விளையாடவில்லை.

கிட்லேப் என்று ஒரு நிறுவனம். உலகெங்கும் புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் இடம். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியாளர், கோளாறு காட்டிய துணை சர்வரில் உள்ள தரவை அழித்துவிட்டு மறுபடி நகலெடுக்க நினைத்தார். கட்டளையைக் கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட் அளவிலிருந்த தரவு நாலரை ஜிகாபைட்டாகக் குறைந்துவிட்டது. இது யாருக்கும் நடக்கக்கூடியது. நடுராத்திரியில் இரண்டு கறுப்புத் திரை ஒரே மாதிரி இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. அன்றாடம் பேக்கப் எடுக்க வேண்டிய நிரல் பழைய பதிப்பு. டேட்டாபேஸோ புதிய பதிப்பு. அதனால் பேக்கப் எடுக்கப்படாமலே இருந்திருக்கிறது. ‘எடுக்க முடியவில்லை’ என்று எச்சரிக்கை மின்னஞ்சலும் புறப்பட்டிருக்கிறது; அதை அஞ்சல் சர்வரே தடுத்துவிட்டது. ஆக, யாருக்கும் தெரியாது. கடைசியில், சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடுவில் உள்ள ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அந்த நிறுவனத்திடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. நடந்ததை மறைக்கவில்லை. மீட்கும் வேலையை இணையத்தில் நேரலையாகவே காட்டினார்கள், காரணங்களைப் பின்னர் வரிவரியாக எழுதினார்கள், அந்தப் பொறியாளரைப் பலி கொடுக்கவும் இல்லை. நம் பக்கத்துக் கம்பெனிகளில் இப்படி நடந்தால் மேலாளர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை வாசகர்களின் அனுபவத்துக்கே விடுகிறேன்.

பேக்கப் எடுப்பது ஒரு நிரலின் வேலை. ராத்திரி ஒரு மணிக்கு அது தானே ஓடும். எடுத்தது எழுந்து நிற்குமா என்று வேறொரு இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பது மனிதரின் வேலை. அந்த வேலைக்குத்தான் டி.பி.ஏ.வுக்குச் சம்பளம் என்று எங்கள் டிபார்ட்மென்டின் பெரியவர் ஒருவர் சொல்வார். நானும் அதைத்தான் நம்புகிறேன். எவ்வளவு நேரத் தரவை இழந்தால் கம்பெனி தாங்கும், எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும்: இந்த இரண்டு கேள்விக்கும் மேலாளரிடம் பதில் வாங்கி வைத்திருப்பவர் நல்ல டி.பி.ஏ. வாங்காதவர் விபத்தன்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் கேள்விதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மழையை நாம் மறக்கவில்லை. சென்னையில் ‘தி இந்து’ நாளிதழே மறுநாள் அச்சாகாத வெள்ளம் அது. நம் பக்கத்துக் கார் ஆலைகளும் உற்பத்தியை நிறுத்தின. அப்போது நான் உதவப் போன ஒரு சிறு கம்பெனியில் சர்வர் தரைத்தளத்தில். பேக்கப் டேப்புகள் அதே அறையில், சர்வருக்குப் பக்கத்து பீரோவின் கீழ்த்தட்டில். ஒழுங்காகத் தேதி எழுதி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாமே சேற்றில். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்று பாடத்தில் சொல்கிற விதியை அந்த பீரோவைப் பார்த்த பிறகு யாருக்கும் நான் விளக்கியதில்லை. பீரோவைப் பற்றிச் சொன்னாலே போதுமாக இருந்தது.

இனி சான்றிதழுக்கு வருகிறேன். அதை இழிவாகப் பேசுவது என் நோக்கமில்லை. பெரிய ஊரில் தெரிந்தவர்கள் இல்லாத, ஆங்கிலம் தடுமாறுகிற நம் பிள்ளைக்கு, ‘இவனுக்கு இது தெரியும்’ என்று சொல்ல ஒரு காகிதம் தேவைதான். நேர்முகத் தேர்வின் கதவு வரை அது கொண்டுவிடும். ஆனால் அதன் ஆயுளைப் பார்த்துப் பணம் கட்டுங்கள். 2000-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் எம்.சி.டி.பி.ஏ. பட்டத்தை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அது போய் வேறு பட்டங்கள் வந்தன. அந்த எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. வரிசையையும் 2021 ஜனவரி 31-ஓடு நிறுத்தினார்கள். இன்று அந்த இடத்தில் டி.பி.-300 என்ற தேர்வு இருக்கிறது. 1000-க்கு 700 வேண்டும். தேறினால் சான்றிதழ் ஓராண்டு செல்லும். பிறகு இணையத்தில் கட்டணமில்லாத ஒரு சிறு தேர்வெழுதிப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். அமேசான் 2020-ல் டேட்டாபேஸுக்கென்றே ஒரு தனிச் சான்றிதழைத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் மூடிவிட்டது. கடன் வாங்கிப் படித்தவருக்குக் கடன் தீரும் முன் சான்றிதழ் தீர்ந்திருக்கும்.

அடியில் இருப்பதோ அசையவில்லை. தரவை அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்குள் உறவு வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட் கட்டுரை எழுதியது 1970-ல். அந்த எண்ணத்துக்கு ஏற்ப அங்கேயே சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் ஒரு கேள்வி மொழியை வகுத்தது 1974-ல். எஸ்.கியூ.எல். என்று இன்று நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். ஆரக்கிள், எஸ்.கியூ.எல். சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்று பெயர்கள் பல. அந்த மொழி தெரிந்தவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில மாதங்களில் மாறிக்கொள்வார். ஒரு பதிப்பின் மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவர் அந்தப் பதிப்போடு நின்றுவிடுவார்.

இந்த வித்தியாசத்தை நம் ஊரைப் போல அனுபவித்த ஊர் இல்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலையில் உச்சத்தில் எட்டாயிரம் பேர் அளவுக்கு நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். பலர் வீட்டின் முதல் சம்பளக்காரர்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி கதவு மூடியது. வேலை போனதைவிட, ‘இந்த அனுபவத்தை வைத்து வேறு எங்கே கேட்பது’ என்று அந்தப் பெண்கள் திகைத்ததுதான் எனக்கு வலித்தது. ஒரே கம்பெனியின் ஒரே பொருளுக்கு மட்டும் பழகிய கை அது. பழக்கியவர்கள் யாரும் அதற்குமேல் எதையும் கற்றுத் தரவில்லை; பிள்ளைகள் மேல் பிழையில்லை. அந்த ஆலை பிறகு வேறு கைக்குப் போய் மீண்டும் இயங்குகிறது என்பது வேறு கதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலையை மூடினாலும் கணக்கை மூட முடியாது. கம்பெனிகள் சட்டப்படி எட்டு நிதியாண்டுக் கணக்குப் புத்தகங்களைக் காத்து வைக்க வேண்டும். பி.எஃப். கேட்டு வருபவருக்குப் பதிவு காட்ட வேண்டும், வரி வழக்குக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதனால் மூடுகிற ஆலையிலும் அந்தத் தரவை எழுப்பத் தெரிந்தவர் கடைசிவரை தேவைப்படுகிறார்.

அப்படியானால் எங்கே கற்பது? வீட்டில் தொடங்கலாம். யாரோ ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் போதும். அதில் லினக்ஸ் போட்டு, போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இலவசம். ஆரக்கிளும் மைக்ரோசாஃப்டும்கூடக் கற்பதற்கென்று இலவசப் பதிப்புகள் தருகின்றன. ஆங்கிலப் புத்தகம் பயமுறுத்தினால், து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ நூலைக் கணியம் தளம் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. வகுப்பு வேண்டும் என்றால், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல்.லில் காசில்லாமல் கிடைக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பில் டேட்டாபேஸ் ஒரு பாடம். அரசு ஐ.டி.ஐ.யில் ‘கோப்பா’ என்கிற ஓராண்டுக் கணினிப் பிரிவும் ஒரு நல்ல வாசல். ஃபிட்டர், வெல்டர் கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்று அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் 2024-ல் ஆரக்கிள் நிறுவனமும் சேர்ந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் ஐம்பதாயிரத்தை எடுப்பதற்கு முன் தங்கள் கல்லூரியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்வது? பக்கத்து மளிகைக் கடையின் ஒரு மாத விற்பனையைக் கேட்டு வாங்கி ஏற்றுங்கள். பேக்கப் எடுங்கள். பிறகு அட்டவணையை அழியுங்கள். மீட்டெடுங்கள். கடைக்காரரின் நோட்டோடு மொத்தம் ஒத்துப்போகிறதா பாருங்கள். அடுத்து, பேக்கப்புக்குப் பின் இன்னும் கொஞ்சம் விற்பனையை ஏற்றிவிட்டு அழித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் லாக் கோப்புகளின் துணையோடு அந்தக் கடைசி விற்பனை வரை கொண்டுவாருங்கள். இங்கேதான் பெரும்பாலோர் திணறுவார்கள். இங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பி, டேட்டாபேஸ் எப்படி முனகுகிறது என்று பாருங்கள். டொயோட்டாவில் நடந்ததன் சிறிய வடிவம் வீட்டுக் கூடத்திலேயே புரிந்துவிடும். ஒரு பழக்கம் மட்டும் முதல் நாளிலிருந்து வேண்டும்: எதையும் மாற்றும் அல்லது நீக்கும் கட்டளைக்கு முன், அதே நிபந்தனையோடு ஒரு ‘செலக்ட்’ போட்டு எத்தனை வரி வருகிறது என்று பார்ப்பது. மூன்று வரி வர வேண்டிய இடத்தில் மூன்று லட்சம் வந்தால் கையை எடுத்துவிடலாம்.

செய்ததை எழுதியும் வையுங்கள். எந்த சர்வர், எங்கே பேக்கப், எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்று, அடுத்தவர் படித்தால் புரிகிறபடி. பழைய கிராமத்துக் கர்ணம் போல இருக்காதீர்கள். கர்ணத்துக்கு மட்டுமே எந்தக் கட்டில் எந்த நிலம் என்று தெரியும். அவர் மனம் வைத்தால்தான் அடங்கல் வெளியே வரும். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தபோது ஊர் மூச்சுவிட்டது. தான் இல்லாவிட்டால் சிஸ்டம் நின்றுவிடும் என்பதில் பெருமைப்படுகிற டி.பி.ஏ.க்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு லீவும் கிடைக்காது, பதவி உயர்வும் கிடைக்காது. நாற்காலியை விட்டு நகர்த்த யாரும் துணிய மாட்டார்கள்.

சான்றிதழ் தேடுபவர்களிடையே ‘டம்ப்’ என்று ஒன்று சுற்றுகிறது. தேர்வில் வரும் கேள்விகளைக் கசியவிட்டு, விடையோடு விற்பது. ஒரு வாரம் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்கிறார்கள். தேறவும் தேறுகிறார்கள். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்கிறார்கள் என்பது இருக்கட்டும். கண்டுபிடிக்காவிட்டால்தான் ஆபத்து அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு லைன் நின்று, ஷிப்ட் இன்சார்ஜ், பிளான்ட் ஹெட் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று திரை கேட்காது. இதைவிட மோசமானது போலி அனுபவச் சான்றிதழ். இரண்டு லட்சம் கொடுத்தால் மூன்று வருட அனுபவம் என்று காகிதம் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், பெற்றோர்களே. பின்னணிச் சோதனையில் மாட்டினால் பிள்ளையின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

புதிதாக வந்தவரை நேரே டி.பி.ஏ. ஆக்க எந்த ஆலையும் துணியாது. துணியவும் கூடாது. ஐ.டி. சப்போர்ட்டில் பிரின்டர் சரிசெய்து, பார்கோடு ஸ்கேனர் மாற்றி, ரிப்போர்ட் எழுதித்தான் மேலே வர முடியும். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் லைன் நிற்கும். அதனால் அப்போதுதான் சர்வரில் பராமரிப்பு வேலை வரும். ஊரே பண்டிகை கொண்டாடும்போது குளிர் அறையில் இருக்க மனம் ஒப்பாதவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது. எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி டி.பி.ஏ. எதற்கு என்றும் கேட்கிறார்கள். பேட்ச் போடுவது, பேக்கப் எடுப்பது போன்றவை தானியங்கியாகி வருகின்றன, உண்மை. ஆனால் எந்தத் தரவை யார் பார்க்கலாம், எதை மீட்பது, எந்த வேகக்குறைவுக்கு எந்தக் கேள்வி காரணம் என்று தீர்மானிப்பது ஒரு ஆளிடம்தான் வருகிறது. லைனை ஓட்டும் டேட்டாபேஸை ஆலைக்குள்ளேயே வைத்திருக்கவும் பலர் விரும்புகிறார்கள். இணையம் துண்டிக்கப்பட்டாலும் வண்டி நகர வேண்டுமே.

பாடத்திட்டத்தில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று மிச்சம். டி.பி.ஏ.வுக்கு எல்லோருடைய சம்பளமும் தெரியும். யாருக்கு மெமோ, யாருக்கு மருத்துவச் செலவு, யார் கடன் வாங்கியிருக்கிறார், எல்லாம் ஒரு கட்டளை தூரத்தில். பார்க்க முடியும் என்பதற்காகப் பார்க்காமல் இருப்பது இந்த வேலையின் பாதி. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பதில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சட்டம் வரும் முன்பே, கேன்டீனில் அடுத்தவர் சம்பளத்தைப் பேசிய ஒருவரை எங்கள் பெரியவர் மறுநாளே ஸ்டோர்ஸுக்கு மாற்றினார். கெட்டிக்காரன்தான்; இருந்தும் மாற்றினார். சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைசியாக, ஆலைகளின் எச்.ஆர். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், மொத்த ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும் என்பது சட்டம். எடுக்கிறீர்கள், எல்லோரையும் லைனில் நிறுத்துகிறீர்கள். அவர்களில் ஆண்டுக்கு இரண்டு பேரை, ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளாகப் பார்த்து, சர்வர் ரூமுக்கு அனுப்புங்கள். பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறு இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்க ஆளில்லை என்று உங்கள் ஐ.டி. மேலாளர் சொல்லிக்கொண்டேயிருக்கிறார். அந்த வேலையை அவர்களுக்குக் கொடுங்கள்.